வராதவங்க நோட்டு

டிசம்பர் 2, திங்கள்

பேட்டரி 12.4. மெஷின் ஓடுது. வருகை 211ல 174.

இத ஜெனரேட்டர் லாக் புக்கோட பின்பக்கத்துல எழுதறேன். எழுதுனா பாரம் எறங்கும்னு அக்கா போன்ல சொல்லிட்டே இருக்கா. எனக்குப் பாரம் ஒண்ணும் இல்ல. திங்கறேன், தூங்கறேன், வேலைக்கு வர்றேன். தமயந்தி போயி இன்னியோட இருபத்தஞ்சு நாள்.

இது மலை மேல இருக்கற ஸ்கூல். பழங்குடிப் புள்ளைங்க தங்கிப் படிக்கறாங்க. என் பொண்டாட்டி தமயந்தி பத்தாவதுக்குக் கணக்கு டீச்சர். நான் டிப்ளமோ எலக்ட்ரிகல். சோலார், கம்ப்யூட்டர் லேப், வாசல்ல மொகத்தப் பாத்து வருகை போடற மெஷின், இதெல்லாம் ஒப்பந்தத்துல என் பொறுப்பு. அவளுக்காகத்தான் இந்த மலைக்கே வந்தேன். இப்ப எதுக்கு இருக்கேன்னு யாரும் கேக்கல. கேட்டாலும் சொல்றதா இல்ல.

மெஷின் இன்னிக்கும் அந்தப் பேரச் செவப்புல காட்டுது. ரங்கநாயகி, பத்தாவது, ஈச்சம்பதி. அந்தப் பேரப் பாத்தா ஸ்க்ரீன ஒடைக்கணும்போல இருக்கு.

டிசம்பர் 3, செவ்வாய்

மெஷின் ஸ்டாண்டு ஆடுது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் தேடி டூல் பொட்டியத் தொறந்தேன். அடில ஸ்கூட்டர் முன் பிரேக் கேபிள். புதுசு, பாக்கெட் பிரிக்கல. மூடி வெச்சுட்டேன். ஸ்டாண்டுக்கு அட்டைய மடிச்சுக் குடுத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

நடந்தத ஒருக்கா எழுதி முடிச்சர்றேன்.

ரங்கநாயகி நோம்பிக்குனு ஊருக்குப் போனா. நாலு நாளாச்சு, திரும்பல. நவம்பர் ஏழு, ஸ்கூல் விட்டதும் தமயந்தி ஸ்கூட்டர எடுத்துட்டு அவளக் கூட்டியார ஈச்சம்பதிக்குப் போனா. மழை. ஊருக்கு முன்னாடி ஒரு ஓடை, அதுக்கு எறங்கற எடத்துல செங்குத்தா ஒரு வளைவு. அங்க வண்டி நிக்கல. போலீஸ் எழுதுனது மழை. ஹெச்.எம். குழந்தைவேலு சொல்றது விதி. நான் சொல்றது ரங்கநாயகி. அந்தப் புள்ள ஒழுங்கா பஸ் ஏறியிருந்தா இவ எதுக்கு அந்தப் பள்ளத்துல எறங்கறா?

தமயந்தி ஒரு நோட்டு வெச்சிருந்தா. பச்சக் கலர், லாங் சைஸ். அட்டைல 'வராதவங்க நோட்டு'னு எழுதியிருப்பா. எந்தப் புள்ள வரலையோ அதோட பதிக்கே, அதான் அவங்க மலை ஊருக்கே, நேரா போயி, அவங்க சொல்ற காரணத்த அவங்க சொன்ன மாதிரியே எழுதிக்குவா. மெஷின்ல ஒரு பேர நீக்கணும்னா பதினொரு காரணத்துல ஒண்ணத் தொடணும். "உங்க பதினொண்ணுல இவங்க சாவும் இல்ல, சாமியும் இல்ல, யாருக்குங்க இந்த மெஷினு?"னு என்னக் கேலி பண்ணுவா. சாவுக்குப் போனா லீவு, அவங்க ஊர்ல நோம்பி வந்தா பரிச்சை ரெண்டு நாள் தள்ளிப்போகும், புதன்கெழம ராகிக் களி, காலைல பிரேயர்ல அவங்க பாஷைல ஒரு பாட்டு. எல்லாம் அவ சண்ட போட்டு வாங்குனது. போன வருசம் பத்தாவதுல ஒரு புள்ளகூட பாதில நிக்கல.

அவ போன ஒரே வாரத்துல ஹெச்.எம். எல்லாத்தையும் தூக்கிட்டாரு. களியும் போச்சு, பாட்டும் போச்சு. நான் வாயத் தெறக்கல. உள்ளுக்குள்ள சந்தோசமாக்கூட இருந்துச்சு. என்னத்தப் பண்ணிக் குடுத்தா இவங்களுக்கு, என்னத்தத் திருப்பிக் குடுத்தாங்க அவளுக்கு?

நோட்டு இன்வெர்ட்டர் ரூம்ல கெடக்குது. பேட்டரி ஸ்டாண்டு ஒரு கால் தாழ்ந்திருந்துச்சு. அதுக்கு அடில வெச்சேன். அளவு சரியா இருந்துச்சு.

டிசம்பர் 9, திங்கள்

ஹெச்.எம். ஜீப்புல ஈச்சம்பதிக்குப் போனோம். பாதில நின்ன புள்ளைங்கள நேர்ல போயிக் கூப்பிட்டதா போட்டோ வேணுமாம். போட்டோ எடுக்க நான்.

ஜீப்ப விட்டு எறங்குனதும் ஊரே அடங்கிருச்சு. கோழியத் தொரத்திட்டிருந்த பொம்பள அப்படியே நின்னுட்டா. ஆம்பளைங்க எந்திரிச்சு நின்னாங்க, ஒருத்தனும் வாங்கனு சொல்லல. எல்லாரும் என்னையேதான் பாத்தாங்க. ஹெச்.எம்-ஐ யாரும் கண்டுக்கல.

ரங்கநாயகி வீட்டு வாசல்ல அவ அம்மா லச்சி தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருந்துச்சு. பக்கத்துல மண் பானைல வாய் வரைக்கும் தண்ணி. மேல ஒரு டம்ளர் கவுத்தி இருந்துச்சு. உள்ள இருட்டுல அந்தப் புள்ள. முடி தேங்கா நாராட்டம் இருந்துச்சு. எண்ணெ பாத்து மாசமாயிருக்கும். என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா.

ஹெச்.எம். ஆரம்பிச்சுட்டாரு. அரசாங்கம் சோறு போடுது, துணி குடுக்குது, உங்களுக்கு என்ன கேடுன்னு. அந்தம்மா அவருக்கு மொகத்தையே குடுக்கல. புள்ள வராதுன்னு மட்டும் சொல்லுச்சு. ஏன்னு கேட்டதுக்கு பதில் இல்ல. என் மொகத்தையும் அந்தப் பானையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டே இருந்துச்சு. ஹெச்.எம். தொண்ட காஞ்சு போயி பானைகிட்ட கையக் கொண்டுபோனாரு. லச்சி டம்ளரப் புடுங்கிருச்சு. அத அப்படியே எம் பக்கம் வெச்சுது.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. புருசனா என்னயக் கூப்பிட்டு ஒரு வார்த்த வருத்தம் சொல்லாத வீடு, தண்ணி குடுக்குதாம்.

"இந்த வீட்டுத் தண்ணி என் தொண்டைல எறங்காது"ன்னேன். ஊருக்கே கேக்கற மாதிரித்தான் சொன்னேன்.

உள்ள அந்தப் புள்ள அப்படியே செவுத்தோரமா உக்காந்துட்டா. லச்சி கத்துன கத்தல் இன்னும் காதுல இருக்கு. மண்ண அள்ளித் தூத்துச்சு, எம் மேல படல. ஜீப் ஓடை தாண்டுற வரைக்கும் யாரோ பின்னாடியே ஓடியாந்தாங்க. நான் திரும்பிப் பாக்கல.

ஹெச்.எம். வழியெல்லாம் "பாத்தீங்களா தம்பி, நன்றி கெட்ட ஜென்மங்க"ன்னுட்டே வந்தாரு. எனக்கு அவரையும் புடிக்கல.

டிசம்பர் 10, செவ்வாய்

டூல் பொட்டியத் தூக்கி பரண்ல போட்டேன். கீழ எடம் அடைக்குது.

டிசம்பர் 13, வெள்ளி

பேட்டரி 12.1. பேனல்ல தூசி, தொடச்சேன்.

ஈச்சம்பதிப் புள்ளைங்க என்னப் பாத்தா பாதைய விட்டு எறங்கி நிக்குதுங்க. லேப்புக்கு வந்தா மௌஸத் தொடறதில்ல. திமிரு. பத்தாவது பெள்ளன் மட்டும், அவனும் அந்த ஊர்தான், பேனல் தொடைக்கற எடத்துக்கு வந்து நின்னான். "சார், நீங்க மறுக்கா எங்கூருக்கு வர மாட்டீங்களா?"ன்னான்.

"ஏன்டா, போன தடவ மண்ணு குறி தப்பிருச்சுன்னா?"ன்னேன்.

அவன் மொகம் செத்துப்போச்சு. என்னமோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் கையால வாயப் பொத்திட்டு போயிட்டான். போகட்டும்.

டிசம்பர் 19, வியாழன்

ரங்கநாயகிய நீக்கச் சொல்லி ஹெச்.எம். சொன்னாரு. கையெழுத்து அவரோடது, பட்டன் என்னோடது. பதினொரு காரணம் வந்து நின்னுச்சு. கல்யாணம், வேல, நோய், எடம் மாத்தம்னு போகும். ஏழாவது 'படிப்பில் ஆர்வமின்மை'. அதத் தொட்டேன். உறுதியானு கேட்டுச்சு. உறுதின்னேன்.

அந்தப் புள்ள கணக்குல தொண்ணூத்தி ஆறு. தமயந்தி பேப்பரக் கொண்டுவந்து சாப்பிடறப்ப எங்கிட்ட காட்டுனா. அது ஞாபகம் வந்துச்சு. வந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.

மத்தியானம் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜனவரி 1, புதன்

லீவு. ஊருக்குப் போகல. அக்கா மூணு தடவ கூப்பிட்டா. எடுக்கல.

ஜனவரி 3, வெள்ளி

இன்வெர்ட்டர் ரூம்ல எலி பொந்து போட்டு, கழுவுன தண்ணி உள்ள வந்துருச்சு. பேட்டரியத் தூக்க வேண்டியதாச்சு. அடில நோட்டு. ஒரு மூல நனைஞ்சிருந்துச்சு. காய வெக்கலாம்னுதான் பிரிச்சேன். படிக்கணும்னு இல்ல.

அவ கையெழுத்து. 'பெள்ளன், ஒம்பதாவது, 41 நாள்'னு ஒரு பக்கம். அப்படியே எழுதறேன்:

"இவங்க வீட்டுக்கு விருந்தா வந்துட்டிருந்த ஆள வழில ஆனை அடிச்சிருச்சு. ஈச்சம்பதி வழக்கம்: ஒரு வீட்டத் தேடி வர்றவங்க வழில செத்துட்டா அது மூடுன வீடு. தலைக்கு எண்ணெ இல்ல, ஓடை தாண்டக் கூடாது. செத்தவங்களோட சொந்தம் தானா வந்து, வாசப் பானைல தண்ணி கேட்டுக் குடிச்சு, இந்த வீட்டு மேல எங்களுக்குப் பேச்சு (குத்தம்) இல்லனு சொல்லணும். அப்பத்தான் வீடு தொறக்கும். போயிக் கூப்பிடக் கூடாது, இப்படி ஒரு வழக்கம் இருக்குனு வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. சொல்லி வந்தா அது குடிச்சதாகாது. பானை மட்டும் தெனமும் ரொம்பியிருக்கும். எனக்கே பக்கத்துப் பதி பொம்பள ஒருத்தங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. செத்தவரோட தம்பி கேரளா எஸ்டேட்ல இருந்தான். அவங்க சொல்லக் கூடாது, நான் சொல்லலாமே. போன் போட்டேன். வந்தான், குடிச்சான். மறுநாள் பெள்ளன் முதல் பெஞ்சுல. நம்ம மெஷின்ல இது எந்த நம்பர்னு வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்."

கேட்டா. நான் சிரிச்சேன். அதுவும் ஞாபகம் இருக்கு.

கடைசிப் பக்கத்தையும் படிச்சேன். நவம்பர் ஆறாந்தேதி எழுதுனது, ஸ்கூட்டரப் பத்தியும் ஒரு வரி இருக்கு. அத இங்க எழுதல.

ஜனவரி 4, சனி

இதெல்லாம் மூடநம்பிக்கை. ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு புள்ளையோட பத்தாவது அடகா? படிச்சவன் எவனும் ஒத்துக்க மாட்டான். நான் போகப் போறதில்ல.

நான் என்ன சொன்னேன் அன்னிக்கு அந்த வாசல்ல.

ஜனவரி 6, திங்கள்

பொதுத் தேர்வுக்குப் பேர் அனுப்பற லிஸ்ட் வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடறாங்களாம். நீக்கின பேரத் திருப்பிச் சேக்கணும்னா அந்தப் புள்ள அதுக்குள்ள மெஷின் முன்னால நேர்ல நிக்கணும். அஞ்சு தாண்டுனா இந்த வருசம் பரிச்சை இல்ல. பத்தாவதுல ஒரு வருசம் விட்ட புள்ள திரும்பி வந்ததா அந்த நோட்டுல எங்கயும் இல்ல.

ஹெச்.எம்.கிட்ட ரங்கநாயகியப் பத்திப் பேச்செடுத்தேன். நோட்டக் காட்டுனேன். ரெண்டு வரி படிச்சுட்டுக் கீழ வெச்சாரு. "உங்க சம்சாரம் நல்லவங்க தம்பி. ஆனா இவங்களக் கெடுத்ததே அவங்கதான். தண்ணி குடிச்சா வருவாளாம். நாளைக்கு இன்னொருத்தன் பால் குடிச்சாத்தான் வருவேம்பான்"னு சொல்லிச் சிரிச்சாரு.

அவர் சட்டையப் புடிக்கல. புடிச்சிருக்கலாம். ஒரு மாசத்துக்கு முன்னாடி நானும் இதே சிரிப்புத்தான் சிரிச்சிருப்பேன், அதனால கை வரல.

ஜனவரி 7, செவ்வாய்

பரண்ல இருந்து பொட்டிய எறக்குனேன். திரும்ப ஏத்துனேன்.

ஜனவரி 8, புதன்

எறக்குனேன்.

ஜனவரி 9, வியாழன்

காலைல ஆறரைக்கு நடந்தே கெளம்பினேன். பஸ் இருக்கு, ஏறல. பொட்டில இருந்த கேபிள் பாக்கெட்ட பாண்ட் பையில வெச்சுக்கிட்டேன். எதுக்குனு தெரியல.

அந்த வளைவுல நிக்காமப் போயிட்டேன். ஓடைல தண்ணி முட்டி வரைக்கும் இருந்துச்சு.

ஊருக்குள்ள நொழைஞ்சதும் அன்னிக்கு மாதிரியே எல்லாம் அடங்குச்சு. இந்த தடவ யாரும் எந்திரிக்கல. ஒரு ஆளு என்னப் பாத்துக் காறித் துப்பிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டான். நாய் ஒண்ணு பின்னாலயே உறுமிட்டு வந்துச்சு, யாரும் அதக் கூப்பிடல.

லச்சி அதே எடத்துல இருந்துச்சு. பானை ரொம்பியிருந்துச்சு. நான் அந்தப் பேச்சுப் பேசிட்டுப் போன அப்புறமும் ஒரு மாசமா தெனமும் ரொப்பியிருக்காங்க.

"தண்ணி வேணும்"னேன்.

லச்சி அசையல. காது கேக்கலையோனு மறுபடியும் கேட்டேன். அதுக்கப்புறம் உள்ளருந்து அந்தப் புள்ளையோட அப்பன் மருதன் வந்தாரு. டம்ளர நிமுத்தி, பானைல தண்ணி மொண்டு, எங்கையில குடுத்தாரு. குடிக்க வாயில வெச்சப்ப மணிக்கட்டப் புடிச்சு நிறுத்தினாரு. அக்கம்பக்கத்து வாசல்லயெல்லாம் ஆளுங்க வந்து நின்னுட்டாங்க.

"எங்க வூட்டு மேல பேச்சு இருக்குதா?"ன்னாரு.

"இல்ல"ன்னேன்.

அதோட முடிஞ்சிருக்கணும். வழக்கம் அவ்வளவுதான், நோட்டுலயும் அவ்வளவுதான் இருக்கு. ஆனா லச்சி எந்திரிச்சு எதிர்ல வந்து நின்னுச்சு. "அன்னிக்கு இருந்துச்சு. இன்னிக்கு எங்க போச்சு? யாரு மேல போச்சு?"

நான் பாக்கெட்ட எடுத்து வாசப்படில வெச்சேன். "பிரேக் கேபிளு"ன்னேன். "அவ மூணு தடவ சொன்னா. ஞாயித்துக்கெழம மாத்தறேன், ஞாயித்துக்கெழம மாத்தறேன்னே சொல்லிட்டு இருந்தேன். அவ போன அன்னிக்கு அத வாங்கி வெச்சு பத்து நாளு. மாத்த இருபது நிமிசம்கூட ஆகாது. எம் மேலதான் பேச்சு."



லச்சி பாக்கெட்ட எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்புறம் ரொம்ப மெதுவா சொல்லுச்சு: "இத அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா எம் புள்ள ரெண்டு மாசம் இருட்டுல உக்காந்திருக்குமா? அந்த டீச்சரு எங்களாலதான் செத்துச்சுன்னு அது தெனமும் அழுவுது. நீ மனுசனா?"

மருதன் கைய விட்டாரு. குடிச்சேன். சில்லுனு இருந்துச்சு. நான் குடிச்சு முடிக்கறதுக்குள்ளயே லச்சி உள்ள போயி எண்ணெப் புட்டிய எடுத்துட்டு வந்து புள்ளைய வாசல்ல வெயில்ல உக்கார வெச்சுது. தலைல ஊத்துன எண்ணெ நெத்தில வழிஞ்சுது. அந்தப் புள்ள தொடைக்கல.

நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள மெஷின் முன்னால நிக்கணும்னு சொன்னேன். கேட்டாங்களானு தெரியல. வாசல்ல நின்ன யாரும் என்ன உக்காருனு சொல்லல. திரும்பி நடந்தேன்.

வளைவுல இந்த தடவ நின்னேன்.

ஜனவரி 10, வெள்ளி

பேட்டரி 12.6.

பஸ் மூணே முக்காலுக்கு வரும். வரல. ஹெச்.எம். ரூமுக்கும் வாசலுக்கும் நடந்துட்டே இருந்தாரு, நான் அழைச்சேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. நாலு இருபதுக்கு ரோட்டுல லச்சியும் அந்தப் புள்ளையும் வந்தாங்க. நடந்தே. எண்ணெ வழிய வாரி ரெட்ட ஜடை.

மெஷின் முன்னால நின்னா. 'முகம் பதிவில் இல்லை'ன்னுச்சு. மறுபடி நிக்கச் சொன்னேன். இல்லைனே சொல்லுச்சு. ரெண்டு மாசத்துல கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, பழைய போட்டோவுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. ஹெச்.எம். பின்னால இருந்து, "மெஷினே ஒத்துக்கலையே தம்பி"ன்னாரு.

பழைய மொகத்த அழிச்சுட்டுப் புதுசா எடுத்தேன். நேராப் பாருனு சொன்னேன். அந்தப் புள்ள மொத தடவையா என்ன நேராப் பாத்தா. அதுல மன்னிப்பெல்லாம் இல்ல. கண்ணச் சிமிட்டாம நின்னா. பச்ச வெளக்கு எரிஞ்சுது.

ஏழாம் நம்பர் காரணத்த நீக்குனேன். வராத நாளுக்கு வேற காரணம் கேட்டுச்சு. பதினொண்ணுல எதுவும் இல்ல. செட்டிங்ஸ்ல போயி பன்னெண்டாவதா 'மூடுன வீடு'ன்னு சேத்தேன். இப்படியெல்லாம் போட்டா மேல இருந்து கேப்பாங்கனு ஹெச்.எம். பதறினாரு. கேக்கட்டும், நோட்டு இருக்குன்னேன். அவரு கையெழுத்துப் போட மாட்டேன்னு பேனாவ சட்டப் பையில சொருகிக்கிட்டாரு. லச்சி நேரா அவர் மேசைக்கு எதிர்ல தரையில சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. நாலு அம்பத்தி ரெண்டுக்குப் போட்டாரு.

நாலு அம்பத்தி நாலுக்கு லிஸ்ட்ல பேர் ஏறுச்சு. ரங்கநாயகி ஹாஸ்டலுக்குப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சரிதான்.

கேட்டப் பூட்டிட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். வாசல்ல லச்சி நின்னுட்டிருந்துச்சு. பஸ் போயிரும்னேன். அது எம் மொகத்தப் பாக்கல. தாடிய, சிக்குப் புடிச்ச தலைய, பூட்டுத் தொங்கற கதவ ஒவ்வொண்ணாப் பாத்துச்சு.

"டீச்சரு எங்க வூட்டத் தேடி வந்துதான் செத்துச்சு. அப்ப நாங்களும் அதுக்குச் சொந்தந்தான்"னுச்சு. "தண்ணி குடு."

நான் கதவத் தொறந்தேன். சமையக்கட்டுல டம்ளர் தமயந்தி கவுத்தி வெச்ச எடத்துலயே இருந்துச்சு. நவம்பர் ஏழாந்தேதில இருந்து அத நான் தொடல, நான் சொம்புலதான் குடிக்கறேன். எடுத்துக் கழுவுனேன். ரெண்டு தடவ கழுவுனேன்.

வாசல்லயே நின்னு முழுசாக் குடிச்சுது. "இந்த வூட்டு மேல பேச்சில்ல"ன்னு சொல்லி டம்ளர எங்கையில குடுத்துச்சு. போறப்ப திரும்பி, தண்ணில குருணை மண்ணு கெடக்குது, தொட்டிய எவனும் கழுவறதில்லையான்னு திட்டிட்டுப் போச்சு.

நாளைக்குத் தொட்டி கழுவணும். தலைக்கு எண்ணெ தேடுனேன், அவ புட்டில கொஞ்சம் இருந்துச்சு.